கண்ணும் மனப்புண்ணும்



உடலில் ஏற்படும் புண்ணுக்கு ஓர் இயல்பு உண்டு. அதனைத் தூய்மை செய்து, அழுக்குப் படாமல் காத்துவந்தால், பெரும்பாலும் அது தானே ஆறிவிடுகின்றது. ஆறுவதற்குத் தடையாக உள்ளே தங்கிவிட்ட முள்ளை எடுப்பவர்தாம் மருத்துவர். புதுத்தோலை நெய்பவர் அவரல்லர். மனத்தில் ஏற்படும் புண்ணும் இத்தகையதுதானா? அதற்கும் தானே ஆறும் ஆற்றல் உண்டா? உண்டென்றால், ஆண்டுகள் பல கழிந்தும் சிலருக்கு அது ஆறாமலே இருப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற ஒரு சிகிச்சை முறையைப் பற்றியும், ஆன்மிக நோக்கோடு அதனை அணுகும்போது நமக்குப் புலப்படுகின்ற சில உண்மைகளைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. 2001 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள், குடியரசு தினத்தன்று, காலை மணி 8-46. குஜராத் மாநிலத்தின் கச்சுப் பகுதியைப் பெரும் பூகம்பம் ஒன்று உலுக்கியது. புஜ், அஞ்சார், பச்சாவ் முதலிய ஊர்கள் இடிபாடுகளாயின. சுமார் 20,000 பேர் மாண்டனர். அப்பகுதியிலுள்ள காந்திதாம் நகரில், தஞ்சையிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் ஒருவர் குடியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பால் வாங்க அவர் தெருவில் இறங்கிய நேரத்தில் கட்டடம் சரிகின்றது. மேல்மாடியில் குடியிருந்த சிறுவனின் குரல் இடிபாட்டுக்குள்ளிருந்து கேட்கின்றது. சிறிது நேரத்தில் அக்குரல் நின்றுவிடுகின்றது.

ஆண்டுகள் பல சென்றன. அவர் இப்போது நாகபுரியில் வேறு வேலையில் இருக்கின்றார். ஆனால், வாசலில் கனத்த லாரி ஒன்று சென்று தரை சற்றே அதிர்ந்தாலும் அவர் உடல் வியர்த்துவிடுகின்றது. கதவைத் தாழிட்டு அவரால் உறங்க இயலுவதில்லை. சிறுவர் எவரேனும் மாடிப்படியிலிருந்து கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கின்றது. ‘நான் ஓடிவிட்டேன், நான் கோழை’ என்ற வாக்கியம் அவருக்குள் ஓயாது ஒலிக்கின்றது. நடந்ததை மறந்துவிடுங்கள் என்கின்றனர் நண்பர்கள். எல்லாம் விதி என்கின்றனர் பெரியோர். கோயிலுக்குப் போய்வாருங்கள் என்கின்றாள் மனைவி. அவரும் போய்வருகின்றார். கற்பூரத்தின் ஒளியில் மூடிய கண்களுக்குள்ளும் அந்தக் கட்டடம் சரிந்துகொண்டுதான் இருக்கின்றது.

இத்தகைய நிலையை மனநல மருத்துவம் நன்கு அறியும். முதல் உலகப் போரின்போது போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதனைக் கண்டு, வெடிகுண்டின் அதிர்ச்சியால் வந்த நோய் என்றனர். பேரதிர்ச்சியின் பின்விளைவாக வரும் தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதனைச் சேர்த்தது 1980 இல்தான். இந்நோயின் வியப்பான தன்மை என்னவெனில், இதில் நினைவுக்கு வயது ஏறுவதில்லை. ஏனைய நினைவுகள் நாளடைவில் மங்கிப் பழங்கதையாகின்றன. இதுவோ, அன்றுபோலவே இன்றும் நிகழ்கின்றது. அது முடிந்துபோன செய்தி என்று அறிவு அறியும், உடல் அறியாது.

பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி நியூயார்க்கில் ஆங்கில இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1979 இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. அதிலிருந்து மீண்ட பின்னர் அவருடைய நாட்டம் மனத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பின்பால் திரும்பியது. 1987 ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தார். மனத்தை வருத்திய சில எண்ணங்கள் திடீரெனத் தம் கூர்மையை இழந்ததை உணர்ந்தார். அவ்வெண்ணங்கள் எழுந்த வேளையில் தம் கண்கள் இருபுறமும் விரைந்து அசைந்ததைக் கவனித்தார். பின்னர் வேண்டுமென்றே அவ்வாறு அசைத்துப் பார்த்தார், பிறரிடமும் சோதித்தார். 22 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை 1989 இல் வெளியிட்டார். இவ்வாறு பிறந்த சிகிச்சையே இன்று ஈ.எம்.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. கண்ணசைவுச் சிகிச்சை என்று நாம் அதனைக் குறிப்பிடலாம்.

ஷாப்பிரோ அம்மையார் கொண்ட கருத்து எளிமையானது. உணவைச் செரிக்க வயிறு இருப்பதுபோல, அனுபவத்தைச் செரிக்கும் ஆற்றல் மனத்துக்கு இயல்பாகவே உண்டு. அளவுக்கு மீறிய அதிர்ச்சி வரும்போது அச்செரிமானம் தடைப்படுகின்றது. கண்ட காட்சி, கேட்ட ஒலி, உடலில் எழுந்த நடுக்கம், அக்கணத்தில் தன்னைப் பற்றித் தோன்றிய எண்ணம் ஆகிய அனைத்தும் செரியாத உணவைப்போல் அப்படியே தங்கிவிடுகின்றன. தடையை நீக்கினால் மனம் தன் வேலையைத் தானே தொடரும்.

சிகிச்சை நடைபெறும் முறையைச் சற்றே காண்போம். அது எட்டுக் கட்டங்கள் கொண்டது. சிகிச்சையாளர் முதலில் நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிகின்றார். அடுத்து, மனம் கலங்கினால் திரும்பி வந்து நிற்பதற்கு அமைதியான ஓர் இடத்தை அவர் உள்ளத்தில் அமைத்துக்கொள்ளப் பழக்குகின்றார். நம் தஞ்சைத் தமிழருக்கு அது காவிரிப் படித்துறையாக இருக்கலாம். அதன் பின்னரே வருத்தும் நினைவைத் தொடுகின்றனர். அதன் வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணால் அவரே கூறுகின்றார். அந்நினைவை உள்ளத்தில் ஏந்தியவாறே, சிகிச்சையாளர் இடமும் வலமும் அசைக்கும் விரல்களைக் கண்களால் தொடர்கின்றார். இருபது முப்பது முறை அசைந்ததும் விரல் நிற்கின்றது. மூச்சை இழுத்துவிடச் சொல்லி, இப்போது என்ன தோன்றுகின்றது என்று மட்டும் கேட்கின்றார். தோன்றியதைச் சொன்னதும், அதனையே கவனியுங்கள் என்று கூறி மீண்டும் விரலை அசைக்கின்றார். அறிவுரை கூறுவதில்லை, தேற்றுவதில்லை, வாதிடுவதுமில்லை.

இவ்வாறு செல்லும்போது, அடைபட்ட நினைவு நகரத் தொடங்குகின்றது. நம் எடுத்துக்காட்டில் வந்தவருக்கு முதலில் புழுதியும் ஓசையும் தோன்றுகின்றன. பிறகு சிறுவனின் குரல். பிறகு, இத்தனை ஆண்டுகளாக நினைவுக்கு வராத ஒன்று: தம் கைகள். நகங்கள் பிய்ந்து குருதி வழிய, கற்களைப் புரட்டிக்கொண்டிருந்த தம் இரு கைகள். யாரோ இருவர் தம்மைப் பின்னிருந்து இழுத்துச் சென்றதும் தோன்றுகின்றது. அவர் ஓடவில்லை. ‘நான் கோழை’ என்ற வாக்கியம் இருந்த இடத்தில், ‘என்னால் இயன்றதைச் செய்தேன்’ என்ற வாக்கியம் வந்து அமர்கின்றது. சிறுவன் மீண்டு வரவில்லை, துயரமும் மறையவில்லை. ஆனால் அது இப்போது துயரம் மட்டுமே. அச்சமும் குற்றவுணர்வும் அதனை விட்டு விலகிவிட்டன. எல்லாருக்கும் இவ்வாறே நிகழும் என்று கூறுவதற்கில்லை. நிகழும் மாற்றத்தின் தன்மையைக் காட்டவே இதனைச் சொன்னேன்.

இம்முறையை அறிஞர் அனைவரும் உடனே ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணிவிட வேண்டா. கண்ணசைவால் தனிப்பயன் உண்டா, அஞ்சிய நினைவைத் துணிந்து எதிர்கொள்வதே குணம் தருகின்றதா என்பது நெடுநாள் விவாதம். ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 2001 இல் தனிப்பயன் இல்லை என்றனர். 2013 இல் வேறு சிலர் உண்டு என்றனர். இன்று பலர் கூறும் விளக்கம் இது: ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு. நினைவை ஏந்திக்கொண்டே விரலையும் தொடர முற்படும்போது, நினைவின் கூர்மை மழுங்குகின்றது. மனத்தை ஈர்க்கும் வேறு சில பணிகளும் ஓரளவு இவ்விளைவைத் தருகின்றன. ஆகவே, கண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஆயினும் இச்சிகிச்சையால் நோயாளிகள் குணமடைவது பல ஆய்வுகளில் தெளிவாயிற்று. 2013 இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்குப் பரிந்துரைத்த முறைகளுள் இதுவும் ஒன்று. குஜராத் பூகம்பத்தின் பின்னர் இம்முறையில் வல்லோர் அங்கு வந்து, நம் நாட்டு மனநல ஊழியர்க்குப் பயிற்சி அளித்தனர்.

இனி, ஆன்மிக நோக்குக்கு வருவோம். இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன், இது நம் முன்னோர் அறிந்ததே என்று கூறிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஹட யோகத்தில் திராடகம் என்றொரு பயிற்சி இருக்கின்றது. ஆனால் அது கண்ணை அசையாது ஒரு புள்ளியில் நிறுத்துவது. தீபாராதனையின்போது அர்ச்சகர் சுற்றும் தீபத்தை நம் கண்கள் தொடர்கின்றன; ஒப்புமை கண்டு மகிழலாம், ஆயினும் அதுவே இது என்பது உண்மையாகாது. உண்மையான உறவு கண்ணசைவில் இல்லை; வேறோர் இடத்தில் இருக்கின்றது.

அனுபவங்கள் உள்ளத்தில் தடம் பதிக்கின்றன என்பதும், அத்தடங்கள் நாம் அறியாமலே நம்மை ஆட்டுவிக்கின்றன என்பதும் நம் தத்துவ மரபின் அடிப்படைக் கொள்கை. சம்ஸ்காரம் என்றும் வாசனை என்றும் அவற்றைக் கூறினர். அவற்றிலிருந்து விடுபட வழி, அவற்றோடு போரிடுவதன்று; அவற்றை மூடி மறைப்பதுமன்று. எழுவதை எழுவதாகவும் மறைவதை மறைவதாகவும் காணும் சாட்சியாக நிற்பதே வழி என்றனர் வேதாந்திகள். உடலில் எழும் உணர்ச்சியையும் மனத்தில் எழும் எண்ணத்தையும் விருப்பு வெறுப்பின்றிக் கவனிக்கப் பழக்கினார் புத்தர். இச்சிகிச்சையில் சிலர், ஓடும் ரயிலின் சாளரத்திலிருந்து காட்சிகளைப் பார்ப்பதுபோல் நினைவுகளைப் பார்க்குமாறு நோயாளிக்குக் கூறுகின்றனர். காட்சி கடந்து செல்கின்றது. பார்ப்பவர் பாதுகாப்பாக அமர்ந்திருக்கின்றார். சொந்த ஊருக்கும் வேலை பார்க்கும் ஊருக்கும் இடையே ஆண்டுதோறும் ரயிலில் இரண்டு பகல் கழிக்கும் நம்மில் பலருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். சாட்சியாக நிற்பது எளிதன்று. அடிபட்டவனைத் தனியே அமர்த்தித் தியானம் செய் என்றால், அவன் கண்மூடிய மறுகணமே பழைய இடிபாட்டுக்குள் விழக்கூடும். எல்லாம் விதி, பொறுத்துக்கொள் என்பதும் பல நேரங்களில் ஆறுதலாக அமையாமல், அவன் வாயை அடைக்கும் சொல்லாகவே முடிகின்றது. சமயம் அவனுக்குச் செய்யக்கூடிய பேருதவி, அவனைத் தனியே விடாமலிருப்பது. சிகிச்சை அறையில் நிகழ்வதும் அதுதான். ஒரு காலடி பழைய நினைவில் இருக்கின்றது; மறு காலடி இந்த அறையில், இந்த நாற்காலியில், உடன் அமர்ந்திருக்கும் ஒருவரின் அருகில் இருக்கின்றது. துணையோடு காணும்போதுதான் காணமுடியாததைக் காண முடிகின்றது. பக்தியும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகவும் ஆகாது. கோயிலுக்குப் போகின்றவர் மருத்துவரிடமும் போகலாம்.

சொந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. சந்தைக்கும் அலுவலகத்துக்கும் இந்தியோ மராத்தியோ போதும். ஆனால், ‘நான் கோழை’ என்றும், ‘என் தவறுதான்’ என்றும் நள்ளிரவில் நெஞ்சுக்குள் ஒலிக்கும் வாக்கியம் தாய்மொழியில்தான் ஒலிக்கின்றது. அதனை மாற்றவல்ல சொல்லும் அம்மொழியிலேயே பிறக்க வேண்டும். இச்சிகிச்சையில் நடந்ததை எல்லாம் விரித்துரைக்க வேண்டிய கட்டாயமில்லை. சில சொற்களே போதும். வேற்று மொழிச் சிகிச்சையாளரிடம் சென்றாலும், அச்சில சொற்களைத் தமிழிலேயே உள்ளத்தில் ஏந்திக்கொள்ளலாமா என்று தயங்காமல் கேளுங்கள். இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, மொழியைத் தேர்ந்துகொள்ளலாம், தமிழும் அம்மொழிகளுள் ஒன்று. தகுந்த மருத்துவ உதவியை நாடுவதற்கு அது முதற்படியாகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. யாரோ விரலை அசைப்பதைப் படக்காட்சியில் பார்த்து, இதனை வீட்டில் தானே செய்துகொள்வது ஆபத்து. முறையான பயிற்சி பெற்றவரிடமே செல்ல வேண்டும். வலிப்பு நோயோ கண்நோயோ இருந்தால் முன்கூட்டியே கூறவேண்டும். கண்ணை அசைக்க இயலாதவர்க்குக் கைகளில் மாறிமாறித் தட்டியும், காதுகளில் மாறிமாறி ஒலி எழுப்பியும் இதனைச் செய்வதுண்டு. சிகிச்சையின் இடையே சில நாள் மனக்கலக்கம் மிகுவதும் உண்டு. அதற்கு அஞ்சி நிறுத்திவிடாமல் சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் தந்த மருந்துகளை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

நேயர்களே, மறதியைத்தான் நாம் பெரும்பாலும் மருந்தென்று எண்ணுகின்றோம். மறக்க முடியாதவனைப் பலவீனன் என்கின்றோம். ஆனால் ஆறிய புண் மறைந்துபோவதில்லை; தழும்பாக நிற்கின்றது. தழும்பைத் தொட்டால் வலிப்பதில்லை, அவ்வளவே வேறுபாடு. இன்றிரவு நாகபுரியிலோ டெல்லியிலோ கல்கத்தாவிலோ, கதவைத் தாழிட அஞ்சி விழித்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கக்கூடும். மறந்துவிடு என்று அவரிடம் சொல்லாதீர்கள். அருகில் அமருங்கள். அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் உடன் இருங்கள். உரிய மருத்துவரிடம் செல்ல அவர் ஒப்பும் நாளில் துணைக்குப் போங்கள்.