ஏற்றும்போதன்று, இறக்கும்போதே!

(இளைஞர் உடற்பயிற்சி மன்றமொன்றில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)

 

1822-ஆம் ஆண்டு, பாரிசு நகரம். இறைச்சிக் கடையில் வேலை பார்த்த சிறுவன் ஒருவன், கொக்கியில் தொங்கிய பெரிய இறைச்சித் துண்டைத் தூக்கி எடுக்க முயன்றான். அவன் நெஞ்சில் தசை அறுந்தது. பத்திசியே என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை எழுதி வைத்தார். நெஞ்சுப் பெருந்தசை கிழிதலைப் பற்றிய முதற்பதிவு என்று மருத்துவ நூல்கள் குறிப்பது அதனையே. அதன்பின் நெடுங்காலம் இஃது அரிதினும் அரிதாகவே பேசப்பட்டு வந்தது.

இன்றோ மருத்துவ இதழ்களில் இத்தகைய பதிவுகள் மலிந்து கிடக்கின்றன. இறைச்சிக் கொக்கிகள் பெருகியதாலா? இல்லை. விசிப்பலகையில் மல்லாந்து படுத்து, எடைத்தண்டை நெஞ்சளவும் இறக்கி, மீண்டும் மேலே தள்ளும் பயிற்சி பெருகியதால்! பயிற்சிக்கூடங்களில் இதனைப் 'பெஞ்சு பிரசு' என்பர், பலகையழுத்தம் எனலாம். ஒலிம்பிக்கு எடைதூக்கலில் இது கிடையாது. வலுத்தூக்கல் போட்டியின் மூன்று பிரிவுகளுள் இஃது ஒன்று. ஆயினும் போட்டிக்குச் செல்லாத இளைஞரும் நெஞ்சு விரியும் என்று நம்பி நாடோறும் செய்வது இதனையே. தசை கிழிந்தவருள் மிகப் பெரும்பாலார் 20 முதல் 40 வரை அகவையுள்ள ஆடவர்.

இதில் அறியவேண்டிய முதற்செய்தி ஒன்றுண்டு. எடையை மேலே தள்ளும்போதுதான் தசை கிழியும் என்று எல்லாரும் எண்ணுவர். அன்று! பெரும்பாலும் இறக்கும்போதே கிழிகிறது. இறக்கி முடித்து ஏற்றத் தொடங்கும் அந்தத் திருப்பத்திலே கிழிகிறது. ஏன்?

நெஞ்சுப் பெருந்தசை விசிறி போன்றது. அதன் விரிந்த பக்கம் காறையெலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும் பற்றியிருக்கும். குவிந்த பக்கமோ ஒரு பட்டையான தசைநாணாகி மேற்கை எலும்பில் பதிந்திருக்கும். நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் நார்கள் நேரே சென்று பற்றுவதில்லை; மேல்நார்களுக்குப் பின்புறமாக முறுக்கிக்கொண்டு ஏறி, எலும்பில் அவற்றினும் உயரத்தில் பதிகின்றன. எடை இறங்கி முழங்கை நெஞ்சு மட்டத்திற்கும் கீழே போகும்போது, அளவுக்கு மீறி நீள்பவை இந்தக் கீழ்நார்களே. கை பின்செல்லும் கடைசி 30 பாகையில் இவை மற்றவற்றினும் மிகுதியாக இழுபடுகின்றன என்பதை 1992-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

தள்ளும்போது தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. இறக்கும்போதோ நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்த முயல்கிறது. முற்றும் நீண்ட நிலையில் முழுச்சுமையும் வந்து விழுந்தால், கிணற்று வடத்தில் ஒரு புரி அறுந்ததும் அடுத்த புரிமேல் சுமை ஏறுவதுபோல, நார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. பழைய சிற்றூர் இளைஞன் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்புறமாக விழவிட்டான். அதனை நெஞ்சின் மேல் மெல்ல இறக்கிப் பிடிக்க அவனுக்குத் தேவை நேரவில்லை. பலகையில் படுத்திருப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மற்றொரு கரணியம் மருந்து. பயிற்சியால் தசை விரைந்து வலுப்பெறும். தசைநாணோ மெல்லவே வலுப்பெறும். அந்த இடைவெளியைப் பொறுமை ஒன்றே நிரப்பும். தசை பெருக்கும் இசுட்டீராய்டு ஊசிகளோ அந்த இடைவெளியை அகலமாக்குகின்றன. வலிய காளையை நைந்த கயிற்றில் கட்டினால் என்ன ஆகும்? தசைநாண் கிழிந்தோர் பலரிடத்து இம்மருந்துப் பழக்கம் இருந்ததை மருத்துவர் பதிவு செய்துள்ளனர். நெஞ்சாங்குலைக்கும் கல்லீரலுக்கும் அவை செய்யும் கேடு தனி.

இனி, காக்கும் வழிகள்.

முதலாவது, தசையைச் சூடேற்றல். 80 கிலோ தள்ளுபவன் எடுத்த எடுப்பில் 80-ஐத் தொடுதல் கூடாது. 20 கிலோ வெறுந்தண்டில் தொடங்கி, 40, 60, 70 எனப் படியேறுக. ஒரு நிலை எளிதாகிப் பலநாள் நிலைத்த பின்னரே இரண்டரைக் கிலோ கூட்டுக.

இரண்டாவது, பிடியின் அகலம். போட்டி நெறிப்படி இரு சுட்டுவிரல்களுக்கும் இடையே 81 செ.மீ. வரை பிடிக்கலாம். அது போட்டியின் மேல்வரம்பேயன்றி, எல்லார்க்கும் உரிய அளவன்று. தோள்முனைகளுக்கு இடைப்பட்ட அகலத்தினும் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் பிடிப்பதே தோளுக்கும் நெஞ்சுக்கும் நன்று. அந்த அகலம் 40 செ.மீ. ஆயின், பிடி 60 செ.மீ.க்குள் அமையவேண்டும்.

மூன்றாவது, முழங்கையின் நிலை. கைகளை உடலுக்குச் செங்குத்தாக விரித்துவிடாமல், ஏறத்தாழ 45 பாகையில் உடலோடு ஒட்டி இறக்குக. தோட்பட்டை எலும்புகளைப் பின்னிழுத்துப் பலகையில் ஊன்றிக்கொள்க.

நான்காவது, இறக்கும் முறை. இரண்டு மூன்று நொடி எடுத்து, அடக்கி இறக்குக. நெஞ்செலும்பில் மோதித் துள்ளவிட்டு ஏற்றுவது வலிமையன்று, ஏமாற்று. முன்பே தோள்நோவு உள்ளவர் தண்டை நெஞ்சிற்கு நாலைந்து செ.மீ. மேலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது, களைப்பை மதித்தல். கை நடுங்கும் வேளையில் "இன்னும் ஒன்று" என்று சுற்றி நிற்போர் கூவுவதைக் கேளற்க. பேரெடை தூக்கும்போது தலைமாட்டில் அறிந்த துணைவர் ஒருவர் நிற்கவேண்டும். நெஞ்சிற்குச் செய்யும் அளவு முதுகிற்கும் பயிற்சி செய்க.

இவ்வளவும் காத்தும் ஒருநாள் நேர்ந்துவிட்டால்? 'படக்' என்ற ஓசையோ கிழிந்தாற்போன்ற உணர்வோ தோன்றும். வலி பாயும், கை தளரும். மேற்கையும் நெஞ்சும் கன்றிக் கருக்கும். சிலர்க்கு அது மறுநாளே தெரியும். அக்குளின் முன்மடிப்பு மறைந்து பள்ளம் விழுந்தால், தசைநாண் முற்றும் அறுந்திருக்கலாம்.

அந்நேரம் எண்ணெய் தேய்த்து நீவுதல் வேண்டா. சுளுக்கு எடுப்பவரிடம் ஓடுதலும் வேண்டா. பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து ஒற்றி, கையைக் கழுத்துத் துணியில் தாங்கி, எலும்பு மருத்துவரிடம் செல்க. எம்.ஆர்.ஐ. படம் கிழிவின் அளவைக் காட்டும். பகுதிக் கிழிவுகள் பல ஓய்விலும் படிப்படியான பயிற்சியிலும் ஆறும். எலும்பை விட்டு முற்றும் அறுந்த தசைநாணை அறுவையால் மீளப் பதிக்கவேண்டியிருக்கும். அதனைச் சில கிழமைகளுக்குள் செய்தால் பயன் மிகுதி. காலம் கடந்தால் தசை சுருங்கி வடுப்பட்டு, அறுவை கடினமாகும். அதன் பின்னும் பழைய எடைக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும்.

பகலில் மூட்டை சுமந்து, மாலையில் பயிற்சிக்கு வரும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு நெஞ்சின் அகலம் அழகு. கையின் வலிமையோ குடும்பத்தின் சோறு. அழகுக்காகச் சோற்றை அடகு வைக்கலாமா? "சரியாகிவிடும்" என்று மூன்று திங்கள் வலியை மறைத்தவன், தள்ளும் ஆற்றலையும் அணைத்துத் தூக்கும் ஆற்றலையும் ஒருசேர இழக்க நேரிடும். வலியைச் சொல்வது கோழைமை அன்று. பெற்றோரும் பயிற்றுநரும் அதனைச் சொல்லத்தக்க இடமாக இருக்கவேண்டும்.

எத்துணை எடையை ஏற்றினான் என்பதைக் கூடியிருப்போர் பார்ப்பர். அதனை எவ்வளவு அடக்கத்தோடு இறக்கினான் என்பதை அவன் தசைநாண் பார்க்கும். இளைஞர்களே, கூட்டத்தின் கைத்தட்டல் கூடத்தோடு முடியும். தசைநாணோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். அதன் சொல்லைக் கேட்டு உழையுங்கள்!