ஏட்டில் இருக்கும் பாட்டு காதில் விழாதபோது

(ஜூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பாடகர் குழுவினருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலித் திருப்பலிக்குரிய நான்கு குரல் பாடல்களைக் கணிப்பொறியில் எழுதி, ஒலிக்கோப்பாக மாற்றி, உங்கள் கைப்பேசிகளுக்கு அனுப்பி வருகிறோம். இப்பணியில் அடிக்கடி நேரும் தடைகளைப் பற்றியும் அவற்றை நீக்கும் வழிகளைப் பற்றியும் சில சொல்லும்படி குழுத்தலைவர் கேட்டுக்கொண்டார். நாம் பயன்படுத்தும் மென்பொருள் மியூஸ்ஸ்கோர். விலையின்றிக் கிடைப்பது, உலகெங்கும் பாடகர் குழுக்கள் கையாளுவது. ஆதலின் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

இஃது ஏதோ இயந்திர விஷயம், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நம் குழுவில் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்துப் பாட வல்லவர்கள் சிலரே. மற்றவர்கள் காதால் கேட்டே கற்கிறார்கள். வெளியூரில் வேலை பார்ப்போர் திருவிழாவுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்கிறார்கள். கண் பார்வை மங்கிய முதியோரும் நம்மிடையே பாடுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் அந்த ஒலிக்கோப்பே பாட்டுப் புத்தகம்.

சென்ற ஆண்டு திருவிழாப் பாடல் ஒன்றில், அனுப்பிய கோப்பில் ஆல்ட்டோ குரல் ஒலிக்கவே இல்லை. ஆல்ட்டோ பாடுவோர் தம் காதில் விழுந்த சொப்ரானோவையே தம் மெட்டென்று கொண்டு பத்து நாள் பழகிவிட்டனர். கற்றதை மறக்கச் செய்வது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை அன்று ஒத்திகையில் கண்டோம். அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. இரவு கண்விழித்து அப்பாடலை எழுதிய இளைஞர்மேல் பழி விழுந்தது. அவர் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. வேறொரு பயிற்சிக்காக மிக்ஸரில் ஆல்ட்டோவின் ஒலியை அடைத்த பொத்தான் திறக்கப்படாமல் இருந்தது, அவ்வளவே! காரணம் தெரியாதபோது மனிதர்மேல் பழி போடுகிறோம். காரணத்தைத் தேடும் முறை தெரிந்தால் பழிக்கு இடமில்லை.

அம்முறை யாது? முதலில், இசைக்குறிப்பு வேறு, இசை வேறு என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அரெஸ்ஸோ நகரத்து குயிதோ என்னும் துறவி, கோடுகள்மேல் சுரங்களை எழுதும் முறையைச் சீர்செய்து, கேட்டறியாத பாடலையும் ஏட்டைப் பார்த்தே பாட வழி வகுத்தார். ஆனால் அந்த ஏடு தானாகப் பாடாது. பாட ஒருவர் வேண்டும். கணிப்பொறியிலும் அப்படியே. நீங்கள் எழுதிய ஏடு ஒலிக்கோப்பாக வெளிவர ஐந்து படிகளைக் கடக்கிறது. ஏட்டிலுள்ள குறிகளை மென்பொருள் வாசிப்பது முதற்படி. அதற்குரிய வாத்திய ஒலியைத் தேடி எடுப்பது இரண்டாம் படி. மிக்ஸரில் ஒவ்வொரு குரலின் அளவும் தீர்மானிக்கப்படுவது மூன்றாம் படி. அனைத்தும் ஒன்றாகிக் கோப்பாக எழுதப்படுவது நான்காம் படி. உங்கள் கைப்பேசி அதை ஒலிப்பது ஐந்தாம் படி.

குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் பயின்றபோது, காரியத்தினின்று காரணத்துக்குச் செல்லக் கற்பித்தார்கள். இங்கும் அதுவே வழி. மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: மென்பொருளிலேயே பாடலை ஓடவிட்டால் குறை கேட்கிறதா? கேட்டால் கோளாறு முதல் மூன்று படிகளில் உள்ளது. அங்கே சரியாகக் கேட்டுக் கோப்பில் மட்டும் கெட்டிருந்தால், பெரும்பாலும் பின்னிரண்டு படிகளில் உள்ளது.

இரண்டு: அக்கோப்பை அதே கணிப்பொறியில் ஒலித்தால் எப்படி? அங்கே நன்றாயிருந்து கைப்பேசியில் மட்டும் கெட்டால், கோப்பைக் குறை சொல்லலாகாது.

மூன்று: புதிய ஏட்டில் நான்கே அளவைகள் எழுதிக் கோப்பாக்கினால் வருகிறதா? வந்தால் மென்பொருள் நலமாயுள்ளது. குறை அந்தப் பாடலின் ஏட்டில். வராவிட்டால் குறை மென்பொருளின் அமைப்பில் அல்லது கணிப்பொறியில்.

இனி, ஒவ்வொரு படியிலும் நாம் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன்.

முதற்படியில்: பாடல் ஓட்டமாக ஓடுகிறதா? வேகக்குறி இல்லாத ஏட்டை மியூஸ்ஸ்கோர் நிமிடத்துக்கு 120 தட்டு என்று வாசிக்கும். தியானப் பாடலுக்கு அது தகுமா? வேகக்குறியை இடுங்கள். அதுவும் வெறும் எழுத்தாகத் தட்டினால் மென்பொருள் அதைக் குறியாகக் கொள்ளாது. குறிகளுக்கென உள்ள பட்டியலிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். 'முதலிலிருந்து மீண்டும் பாடுக' என்னும் குறிக்கும், மெதுவாக, உரக்க என்னும் குறிகளுக்கும் இதே விதி. டெனர் குரல் பெண் குரலைப் போல் உயர்ந்து கேட்டால் கிளெஃபைப் பாருங்கள். டெனருக்குரிய கிளெஃபின் கீழே 8 என்ற எண் இருக்கும். அதுவே சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கி ஒலிக்கச் செய்கிறது.

இரண்டாம் படியில்: வாத்திய ஒலிகள் பாட்டின் கோப்புக்குள் இல்லை, அவை கணிப்பொறியில் இருப்பவை. 2022-ல் வெளிவந்த நான்காம் பதிப்பு முதல், மியூஸ் சவுண்ட்ஸ் என்னும் மேலான ஒலிகளைத் தனியே இறக்கிக்கொள்ளலாம். ஒருவர் வீட்டில் இனிமையாய் ஒலித்த பாடல் மற்றொருவர் வீட்டில் தகரம்போல் ஒலித்தால், அங்கே அவ்வொலிகள் இறக்கப்பட்டிருக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மேலும், மியூஸ்ஸ்கோருடன் வரும் பாடகர் குழு ஒலி 'ஆ', 'ஊ' என்றே பாடும்; நாம் எழுதிய தமிழ்ச் சொற்களை உச்சரிக்காது. அதைக் கோளாறு என எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். பயிற்சிக்குப் பியானோ ஒலியே நலம். சுரம் தொடங்கும் இடம் தெளிவாய்க் கேட்கும்.

மூன்றாம் படியே நம்மை அதிகம் சோதிப்பது. மிக்ஸரில் ஒரு குரலை அடைக்கும் பொத்தானும், ஒரு குரலை மட்டும் தனித்து ஒலிக்கச் செய்யும் பொத்தானும் உண்டு. அவை எந்நிலையில் உள்ளனவோ அந்நிலையிலேயே கோப்பும் வெளிவரும். அடுத்து, ஒலி கரகரத்தால் இப்படிப் பகுத்தறியுங்கள். ஓடவிடும்போது மட்டும் கரகரத்து, கோப்பில் சுத்தமாயிருந்தால், கணிப்பொறி உடனுக்குடன் ஒலிக்க இயலாமல் திணறுகிறது, கோப்புக்குக் கேடில்லை. கோப்பிலும் கரகரத்து, மிக்ஸரின் அளவுகாட்டி சிவப்பைத் தொட்டால், ஒலி மிகுந்து விளிம்பு வெட்டுப்படுகிறது. எல்லாக் குரல்களையும் சமமாகக் குறையுங்கள்.

நான்காம் படியில்: கோப்பாக்கும் சாளரத்தில் முழு ஏடும் தனிக்குரல் ஏடுகளும் வரிசையாய் இருக்கும். எதை அடையாளமிட்டோம் என்று பார்த்தே மேற்செல்ல வேண்டும். இறுதிச் சுரத்தின் கார்வை பட்டென அறுந்தால், கடைசியில் வெற்று அளவை ஒன்றைச் சேர்த்தால் போதும். வடிவத்தையும் கவனியுங்கள். வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். நான்கு நிமிடப் பாடல் 40-ஐத் தாண்டும். 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக்கினால் அதே பாடல் 4-க்குள் அடங்கும். பயிற்சிக்கு அதுவே போதுமானது. மிடி கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். அதில் ஒலி கிடையாது, கட்டளைகளே உண்டு. பல கைப்பேசிகள் அதை ஒலிக்கமாட்டா.

ஐந்தாம் படியில் ஒன்றே சொல்வேன்: கம்பியில்லா ஒலிபெருக்கிகள் சில, முதற்சுரத்தின் தொடக்கத்தை விழுங்கிவிடும். கம்பியுள்ள காதொலிப்பானில் ஒருமுறை கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

இறுதியாக, மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளும்படி வேண்டுகிறேன். குறையைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணமாக்கிற்று என அறிய முடியாது. கோப்பின் பெயரில் பாடல், குரல், தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பழைய கோப்பைக் கேட்டுவிட்டுப் புதியதைக் குறை கூறுவது அதனால் ஒழியும். அனுப்புமுன், எழுதியவரல்லாத வேறொருவர் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து முடிவுவரை கேட்கட்டும். எழுதியவரின் மனம், ஒலிக்காத சுரத்தையும் ஒலித்ததாகவே கேட்கும்.

இக்கூட்டத்தின் முடிவில், பாடலுக்கு ஒருவராக அப்படிக் கேட்டுப் பார்ப்போரைக் குழுத்தலைவர் நியமிப்பார். ஸ்டாஃப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் பெயர் கொடுங்கள். இரவில் எழுதும் இளைஞர் சிலர்மேலேயே முழுச் சுமையும் விழலாகாது. ஜூபிலி நாளில் நான்கு குரலும் நம் ஆலயத்தில் நிறைவாய் ஒலிக்கட்டும். அதற்காக உழைக்கும் உங்கள் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!