எழுந்து நிற்கச் சொன்ன விதி



விதி இயற்றுவோர் தம் நோக்கத்தையே பெரிதும் நம்புகின்றனர். அவ்விதியின்கீழ் மக்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்று முன்கூட்டிக் கணித்து, பின்னர் கண்ணால் கண்டு சோதிப்போர் சிலரே.

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தால் பிரித்து வைப்பதில் இழிவில்லை, இழிவென்பது கறுப்பின மக்களே கற்பித்துக்கொண்டது என்றது. பின்னாளில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியர், நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டனர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வை அடிக்குறிப்பில் சுட்டியது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமச் சிறுவர்களுக்கு, வழி கண்டுபிடிக்கும் புதிர்ப் படங்களைக் கொடுத்தனர். சாதி வெளிப்படாதபோது தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் பிறருக்குச் சளைக்கவில்லை. அனைவர் முன்னும் சாதியை அறிவித்தபின் அவர்கள் விடுவித்த புதிர்கள் குறைந்தன. 2006இல் வெளிவந்த ஆய்வு இது.

அதைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. பணியின் தொடக்கக் காலத்தில், உதவித்தொகைப் படிவம் வந்ததும், "ஆதிதிராவிட மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொன்னவன் நான். மாணவப் பருவத்தில் நானும் அவ்வாறே நின்றவன்தான். ஒரு சிறுவன் எழவே இல்லை. அவ்வாண்டு உதவித்தொகையையும் இழந்தான். அதனை அவனது அலட்சியம் என்றே கருதினேன்.

2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டது. உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் அறிவிக்காமல், தலைமையாசிரியர் அறையில் தெரிவிக்க வேண்டும் என்று 2024இல் அக்குழு பரிந்துரைத்தது. நன்று. ஆயினும் சிலரை மட்டும் அறைக்கு அழைத்தால், ஏன் என்று பிற பிள்ளைகள் கணித்துவிட மாட்டார்களா? ஆகவே வகுப்பு முழுவதையும் ஒருவர் பின் ஒருவராக அழைக்கிறேன். நேரம் பிடிக்கிறது, அலுவலகத்தில் முணுமுணுப்பும் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். புதிர்கள் குறையாதிருந்தாலும் எழுப்பி நிறுத்துவது தவறே. நம் மானம் எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருப்பதன்று. விதியை எவ்வாறு எழுதுவது என்பதற்கே சான்று துணை.

தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று இப்போது ஆண்டுதோறும் எண்ணி வருகிறேன். கழக இளைஞர்கள் தத்தம் ஊரில், பெயர் குறிக்காமல், இக்கணக்கை எடுத்துத் தந்தால், அரசுக்கு எழுதும் மனுவில் சேர்த்துவிடலாம்.