அவன் அப்படிப் பேசமாட்டானே!

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அதிக நேரம் பேசமாட்டேன். "கதையைத் தொடர்ந்து எழுதுக" என்ற போட்டிக்கு வந்த தாள்களைப் படித்தவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சருகுமான், சாங் கஞ்சில் கதையைத்தான் கொடுத்திருந்தார்கள். அரசர் கட்டளை, உங்களை எண்ண வேண்டும் என்று முதலைகளிடம் புளுகி, அவற்றின் முதுகில் தாவித் தாவி ஆற்றைக் கடந்த அதே கஞ்சில். மறுநாள் அது மீண்டும் ஆற்றங்கரைக்கு வந்தால் என்ன நடக்கும்? ஒரு தம்பி எழுதியிருந்தான்: கஞ்சில் முதலையின் வாலைப் பிடித்துச் சுழற்றிக் கரையில் அடித்ததாம்! சண்டை பிரமாதம். ஆனால் அவ்வளவு பலம் இருந்தால் முதல் நாள் அது ஏன் பொய் சொல்லிப் பிழைத்தது? பலம் இல்லாததனால்தானே அதற்குப் புத்தி வேண்டியிருந்தது! தம்பி, கோபித்துக்கொள்ளாதே. நானும் இதே தவற்றைச் செய்தவன்தான்.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம் படித்தும் வாசகர்களுக்கு ஆசை தீரவில்லை. அப்புறம் அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். பிற்பாடு விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். அவர் எழுதலாம், நான் எழுதக்கூடாதா? படிவம் மூன்றில் படித்த நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லயத்து வாசலில் நான் சத்தமாகப் படிக்க, ஐந்து பாகத்தையும் காதால் கேட்டவர். என் கதையில் வந்தியத்தேவனை எதிரிகள் பிடித்துவிடுகிறார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, தமிழின் பெருமையைப் பற்றி இரண்டு பக்கம் முழங்குகிறான். அந்த வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான், கேட்க வேண்டுமா!

அப்பா சுருட்டை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் அப்படிப் பேசமாட்டானேப்பா. பல்லக்கு மேல தானே குதிரையை மோதவிட்டுட்டு, பல்லக்கு என் குதிரையை இடிச்சிடுச்சுன்னு சத்தம் போட்ட பய இல்ல அவன்? இது நீ பேசுறது."

எனக்கு வந்த கோபம்! படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று கூட நினைத்தேன். இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் அவருக்கு எதுவும் படித்துக் காட்டவில்லை.

அப்படியானால் பழைய கதையில் கை வைக்கவே கூடாதா? தாராளமாக வைக்கலாம். புதுமைப்பித்தன் 1943-இல் 'சாப விமோசனம்' எழுதினார். கல்லாய்க் கிடந்து இராமனால் எழுந்த அகலிகை, சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னதும் அதே இராமன்தான் என்று அறிந்ததும் மறுபடியும் கல்லாகிறாள். இது வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. இராமனை இப்படிக் காட்டலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் அக்கினிப் பிரவேசம் புதுமைப்பித்தன் இட்டுக்கட்டியது அல்லவே! அகலிகையின் மனசை எண்ணிப் பாருங்கள். என் நெஞ்சில் குற்றமில்லை என்று ஒருவன் ஒப்புக்கொண்டான், அந்த நம்பிக்கையில் அவள் எழுந்து நடமாடினாள். அவனே இன்னொரு பெண்ணை நெருப்பில் இறக்கி நிரூபிக்கச் சொன்னால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? நடந்ததை மாற்றினார், அகலிகையை மாற்றவில்லை. மாறியே தீர வேண்டும் என்றாலும், எதனால் மாறினாள் என்பது கதைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் முதல் பாகத்தை மறுபடி புரட்டினேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் வந்தியத்தேவன் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். முதலில் ஒரு பொய், பிறகு ஒரு கேலி, அதற்கும் மசியாவிட்டால் ஓட்டம். என் இரண்டு பக்க முழக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பதில், நான் வைத்தியருக்கு மூலிகை பறிக்க வந்தவன், நீங்கள் மிதித்துக்கொண்டு நிற்பதே அந்த மூலிகைதான் என்று அவன் காவலர்களை அதட்டுவதாக எழுதினேன்.

அன்று இரவு படித்துக் காட்டினேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். விடியற்காலை பெரட்டுக்குப் புறப்படும்போது, படுத்திருந்த என்னை எழுப்பி, "அப்புறம் தப்பிச்சானா?" என்று கேட்டார்.