பூட்டு இருக்கு, சாவி யார் கையில்? உளவு மென்பொருளும் ஏற்றுமதி லைசென்ஸும்

(நம் தகவல் தொழில்நுட்ப அணியின் மாவட்டப் பயிலரங்கில் அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஏற்றுமதிக் கட்டுப்பாடும் மனித உரிமையும்'. கேட்டதும் சிலருக்கு வெங்காய ஏற்றுமதித் தடை ஞாபகம் வந்திருக்கும். இது வேற. உங்க பாக்கெட்ல இருக்கிற போனைப் பத்தின விஷயம் இது.

ஒரு மனிதரைப் பத்தி முதல்ல சொல்றேன். பேரு அகமது மன்சூர். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமைச் செயல்பாட்டாளர். 2016 ஆகஸ்ட்ல அவர் ஐபோனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வருது. அமீரகச் சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புது ரகசியங்கள் இருக்கு, இந்த லிங்க்கைத் தட்டுங்கன்னு இருக்கு. அவர் தட்டலை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பி வெச்சார். அவங்க பிரிச்சுப் பார்த்தா, ஆப்பிள் நிறுவனத்துக்கே தெரியாத மூணு ஓட்டைகள் வழியா போனுக்குள்ள புகுற ஏற்பாடு. இஸ்ரேல் நிறுவனமான என்.எஸ்.ஓ.வின் பெகாசஸ். ஆப்பிள் அவசரமா அப்டேட் விட்டது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒண்ணு இருக்கு. மன்சூருக்கு இது மூணாவது தடவை. 2011ல் ஜெர்மனி, பிரிட்டன் தொடர்புள்ள ஃபின்ஃபிஷர். 2012ல் இத்தாலி நிறுவனமான ஹேக்கிங் டீமின் மென்பொருள். 2016ல் பெகாசஸ். ஒரே மனிதர் மேல மூணு நிறுவனங்களோட ஆயுதம். 2017 மார்ச்சில் அவரைக் கைது செய்தாங்க. 2018ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. குற்றம் என்ன? சமூக ஊடகத்தில் எழுதினது. நாமும் தினமும் அதைத்தானே செய்றோம்?

இந்த மென்பொருள் எதுவும் கள்ளத்தோணியில் போகலை தோழர்களே. கம்பெனி நடத்தி, கண்காட்சியில் ஸ்டால் போட்டு, இன்வாய்ஸ் அடிச்சு வித்தது. ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனது. அந்த எல்லையில் ஒரு அரசு உட்கார்ந்திருக்கு. அந்த அரசு என்ன பண்ணுச்சுங்கிறதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

ஏற்றுமதிக் கட்டுப்பாடுன்னா என்ன? கோவையில் பட்டறை வெச்சிருக்கிறவங்களுக்கு ஐந்து அச்சு சி.என்.சி. மெஷின் தெரியும். அதில் பம்பு உதிரிபாகமும் செய்யலாம், ஏவுகணை உதிரிபாகமும் செய்யலாம். கார்பன் ஃபைபர் சைக்கிளுக்கும் ஆகும், ராக்கெட்டுக்கும் ஆகும். இப்படி இரண்டுக்கும் பயன்படும் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா அரசிடம் லைசென்ஸ் வாங்கணும். யார் வாங்குறாங்க, எதுக்கு வாங்குறாங்க, அங்கிருந்து வேற யார் கைக்குப் போகும்னு அரசு பார்க்கணும். இதில் நாடுகள் சேர்ந்து ஒரே பட்டியல் வெச்சுக்க 1996ல் வந்த ஏற்பாடுதான் வாசனார் ஒப்பந்தம். இன்னைக்கு அதில் 42 நாடுகள். 2017 டிசம்பரில் இந்தியா 42வது உறுப்பினராச் சேர்ந்தது.

இப்ப மன்சூர் கதையை இந்தக் கண்ணால பாருங்க. 2011, 2012ல் உளவு மென்பொருள் அந்தப் பட்டியல்லயே இல்லை. கதவுக்குப் பூட்டே கிடையாது. அதே காலத்தில் லிபியாவில் கடாபி ஆட்சி விழுந்தப்ப, திரிப்போலியில் இருந்த ஒட்டுக்கேட்பு மையத்துக்குள்ள பத்திரிகையாளர்கள் போனாங்க. பிரான்ஸ் நிறுவனமான அமெசிஸின் பெயர் போட்ட கையேடுகள் அங்கே கிடந்தது. பத்து வருஷம் கழிச்சு, 2021ல்தான் அந்த நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகிகள் மேல, சித்திரவதைக்கு உடந்தைன்னு பிரான்சில் வழக்குப் பதிவாச்சு.

இந்த மாதிரி அம்பலங்களுக்குப் பிறகு, 2013 டிசம்பரில் ஊடுருவல் மென்பொருளையும் இணையக் கண்காணிப்புக் கருவிகளையும் வாசனார் பட்டியலில் சேர்த்தாங்க. பூட்டு வந்தது.

பூட்டு வந்ததால என்ன ஆச்சு? ஜெர்மனியைப் பாருங்க. 2017 கோடையில் துருக்கியின் எதிர்க்கட்சி, நீதி கேட்டு அங்காராவில் இருந்து இஸ்தான்புல்லுக்கு நடைப்பயணம் போனது. அந்தப் பயணத்துக்கு ஆதரவான தளம் மாதிரியே ஒரு போலி இணையதளம். அதில் டவுன்லோடு பண்ணினா ஃபின்ஃபிஷரின் உளவு மென்பொருள் போனில் ஏறிடும். குறி வெச்சது யாரை? நம்மளை மாதிரி கட்சித் தொண்டர்களை. லைசென்ஸ் இல்லாம இந்தப் பொருள் எப்படிப் போச்சுன்னு உரிமை அமைப்புகள் 2019ல் புகார் கொடுத்தாங்க. 2020ல் சோதனை. 2022ல் நிறுவனம் திவால். 2023 மே மாதம் மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் முன்னாள் நிர்வாகிகள் நாலு பேர் மேல குற்றச்சாட்டு பதிவு செஞ்சாங்க. இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. 'வேவு பார்த்தது துருக்கி, நாங்க சாஃப்ட்வேர்தானே வித்தோம்' என்ற வாதம் இங்க எடுபடாது. லைசென்ஸ் இல்லாம ஏற்றுமதி பண்ணினதே குற்றம். இப்படி ஒரு சட்டம் இல்லைன்னா புகாரைக் கொடுக்கவே ஆபீஸ் கிடையாது.

ஆனா பூட்டு மட்டும் போதுமா? போதாது. பெகாசஸுக்கு லைசென்ஸ் இருந்தது! இஸ்ரேலில் 2007லயே பாதுகாப்பு ஏற்றுமதிச் சட்டம் இருக்கு. பாதுகாப்பு அமைச்சகம் அனுமதிச்ச அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம்னு என்.எஸ்.ஓ.வே சொல்லுது. சாவி வெச்சிருந்தவங்களே கதவைத் திறந்து விட்டாங்க. 2021 ஜூலையில் பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து 50,000 போன் எண்கள் கொண்ட பட்டியலை வெளியே கொண்டுவந்தப்ப உலகமே பேசுச்சு. பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், எதிர்க்கட்சிக்காரங்க, பிரான்ஸ் அதிபர் மக்ரோன் எண் வரைக்கும் அதில் இருந்தது.

2021 நவம்பர் 3ல் அமெரிக்க வர்த்தகத் துறை என்.எஸ்.ஓ. உள்ளிட்ட நாலு நிறுவனங்களைத் தன் தடைப் பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியல்ல பேர் வந்தா, அமெரிக்கத் தொழில்நுட்பத்தை அவங்களுக்கு லைசென்ஸ் இல்லாம விற்க முடியாது. சர்வர், சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் சிக்கல். அந்த மாதமே என்.எஸ்.ஓ.வின் கடன் மதிப்பீடு சரிஞ்சது. சைபர் கருவிகளை விற்கலாம்னு இஸ்ரேல் வெச்சிருந்த நாடுகளின் எண்ணிக்கை 102ல் இருந்து 37க்குக் குறைஞ்சதா இஸ்ரேல் பத்திரிகையில் செய்தி வந்தது. எத்தனையோ கண்டன அறிக்கைகள் அசைக்க முடியாததை ஒரு வர்த்தகத் துறை அறிவிப்பு அசைச்சுக் காட்டுச்சு.

அமெரிக்கா மனித உரிமை மேல உள்ள பாசத்தில் மட்டும் இதைச் செஞ்சதா? அப்படி நம்பச் சொல்லி நான் கேட்கலை. அடுத்த மாதமே வந்த செய்தி, உகாண்டாவில் வேலை பார்த்த அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர்களின் ஐபோன்களே பெகாசஸால் ஹேக் ஆகியிருந்தது என்பது. இன்னொண்ணும் இருக்கு. மங்கோலிய அரசு இணையதளங்களில் புகுந்த ரஷ்ய அரசு ஆதரவு ஹேக்கர்கள் பயன்படுத்தின வழிமுறை, என்.எஸ்.ஓ.வும் இன்டலெக்ஸா என்ற இன்னொரு உளவு நிறுவனமும் முன்னாடி பயன்படுத்தினதோட அப்படியே ஒத்துப்போகுதுன்னு 2024 ஆகஸ்ட்டில் கூகுள் சொன்னது. துப்பாக்கி வித்தா ஒரு துப்பாக்கிதான் போகும். மென்பொருள் ஓட்டையை வித்தா, அது யார் கைக்கு வேணும்னாலும் நகலாகிப் போகும். நம்ம அமைச்சர் போனிலும், ராணுவ அதிகாரி போனிலும், மன்சூர் போனிலும் ஓடுறது ஒரே ஐ.ஓ.எஸ்., ஒரே ஆண்ட்ராய்டு. அதனால்தான் சொல்றேன், இந்த விஷயத்தில் மனித உரிமையும் தேசப் பாதுகாப்பும் ஒரே கதவுக்குப் பின்னாடி இருக்கு.

இப்ப சிலர் கேட்பீங்க. "தம்பி, இதே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை வெச்சுத்தானே நம்மளையே அடிச்சாங்க?" நியாயமான கேள்வி. கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்துக்காக ரஷ்ய நிறுவனத்தோட இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. 1992ல் அமெரிக்கா இரண்டு தரப்பு மேலயும் தடை போட்டது. 1993ல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராம பின்வாங்குச்சு. நம்ம நெல்லைச் சீமை மகேந்திரகிரியில் வருஷக்கணக்கா சோதிச்சு, 2014 ஜனவரி 5ல்தான் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோட ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமா பறந்தது. 1998 பொக்ரானுக்குப் பிறகு போட்ட தடைப் பட்டியலில் இருந்து இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. அமைப்புகள் வெளியே வர 2011 ஆச்சு.

அந்த வலி நமக்குத் தெரியும். அதனாலேயே இந்தக் கருவிக்கு எவ்வளவு பலம்னும் நமக்குத் தெரியும். பலமான கருவியை எந்த விதிப்படி பயன்படுத்துறோம்னு எழுதி வெக்கலைன்னா, அது வல்லரசுகளின் வசதிக்குத்தான் ஓடும். விதி வேணும்னு முதல்ல கேட்க வேண்டியவங்க நாமதான்.

இந்தியாவிலும் பூட்டு இருக்கு. ஸ்கோமெட் என்ற பட்டியல். லைசென்ஸ் கொடுக்கிறது பெரும்பாலும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். வாங்குபவர் யார், என்ன பயன்பாடு, தேசப் பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை, பயங்கரவாதிகள் கைக்குப் போகுமா என்பதெல்லாம் அளவுகோலில் இருக்கு. வாங்குற அரசு அதைத் தன் மக்கள் மேலயே திருப்புமா என்ற கேள்விக்குத் தனி இடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரில் அமலாக்கின விதியில் அந்தக் கேள்வி இருக்கு. பட்டியலில் இல்லாத கண்காணிப்புக் கருவியா இருந்தாலும், உள்நாட்டு ஒடுக்குமுறைக்குப் போகும்னு தெரிஞ்சா லைசென்ஸ் கட்டாயம்.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 2024-25ல் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டிலேயே பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கு. ட்ரோன், கேமரா, முகம் அறியும் மென்பொருள் எல்லாம் நாளைக்கு நம்ம பசங்க எழுதி வெளிநாட்டுக்குப் போகப்போற பொருட்கள். நல்லா வளரணும், வேலை வரணும். கூடவே, நாம எழுதின கோடு ஒரு மன்சூரைச் சிறையில் தள்ளக் கூடாது.

அதனால் மூணு கோரிக்கை.

ஒண்ணு: ஸ்கோமெட் லைசென்ஸ் அளவுகோலில் மனித உரிமையைத் தனியா எழுதணும்.

ரெண்டு: கண்காணிப்புக் கருவிகளுக்கு எந்த நாட்டுக்கு எத்தனை லைசென்ஸ் கொடுத்தோம், எத்தனை மறுத்தோம்னு வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் வெக்கணும். தேசப் பாதுகாப்புன்னு சொல்லிட்டா எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாதுங்கிற வாதத்தைப் பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபர் 27ல் உச்ச நீதிமன்றமே ஏத்துக்கலை.

மூணு: ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்கிற ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தெளிவான விலக்கு வேணும். 2015ல் அமெரிக்கா அவசரமா எழுதின வரைவு விதியை, எங்க ஆராய்ச்சியே நின்னுடும்னு பாதுகாப்பு ஆய்வாளர்கள் எதிர்த்தாங்க. 2017ல் வாசனார் பட்டியல் வாசகத்தையே திருத்தினாங்க. பொறியாளர்கள் பேசினதால விதி மாறுச்சு. நாமும் பேசணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் இந்த மூணு கோரிக்கையை உங்க தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதமா எழுதுங்க. ரீட்வீட் பண்றதை அப்புறம் பண்ணிக்கலாம். கடிதம் போகட்டும். பதில் வந்தா இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க. பதில் வரலைன்னாலும் அனுப்புங்க.



#ஏற்றுமதிக்கட்டுப்பாடு #உளவுமென்பொருள் #தகவல்தொழில்நுட்பஅணி