விளங்கியது என்று சொன்ன நாங்கள்



நூற்றாண்டு விழாவில் வெற்றிக் கதைகளைச் சொல்வதே வழக்கம். ‘பள்ளியிலிருந்து பணியிடத்துக்கு’ என்று எங்களுக்குத் தலைப்புத் தந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது ஒரு தோல்வி. அதையே சொல்கிறோம். வாசிப்பவள் ஒருத்தி, எழுதியது இருவரும் சேர்ந்து.

1979 ஏப்ரலில், சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு, எங்கள் வர்த்தக வகுப்பிலிருந்து மூன்று பேர் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநர்களாகச் சேர்ந்தோம். மார்ச் 31 உடன் கணக்காண்டு முடிந்து, அலுவலகமே ஓடிக்கொண்டிருந்த நேரம். எங்களைப் பழக்க வேண்டியவர் எங்கள் சீனியர். அவருக்கு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவரும் பயிலுநரே, இறுதிப் பரீட்சை வேறு நெருங்கியிருந்தது. மூன்று பிள்ளைகள் வருகிறார்கள் என்பதே அன்று காலையில்தான் அவருக்குத் தெரியுமாம். இதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தோம். அன்று அவர் எங்களுக்குச் சிடுமூஞ்சி மனிதராகவே தெரிந்தார்.

மூன்றாம் நாள் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கூட்டிப்போய், காசேட்டையும் ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளையும் பச்சைப் பென்சில்களையும் தந்து, “வவுச் தீஸ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் தமிழில் படித்தவர்கள். உறுதிச்சீட்டுத் தெரியும், பெறுமானத் தேய்வு தெரியும், பரீட்சை மீதியை நித்திரையிலும் எடுப்போம். ‘வவுச்’ என்று ஒரு வினைச்சொல் இருப்பது தெரியாது. சீட்டிலும் காசேட்டிலும் தொகை ஒன்றா என்று பார்த்து அடையாளமிடச் சொல்கிறார் என்று நாங்களே முடிவுகட்டினோம். பின்னேரத்துக்குள் மூன்று மாதக் கொடுப்பனவுகள் முடிந்துவிட்டன. எவ்வளவு பெருமை எங்களுக்கு!

“எல்லாம் செக் பண்ணியாயிற்றா?” ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

“யெஸ் சேர்.”

அவருடைய ‘செக்’ வேறு. சீட்டு யார் பெயருக்கு எழுதப்பட்டது? திகதி இந்தக் கணக்காண்டுக்குள் வருகிறதா? அனுமதித்தவர் ஒப்பமிட்டாரா? செலவு கடையினுடையதா, முதலாளி வீட்டினுடையதா? தொகை பொருந்துகிறதா என்பது இவற்றோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, அவ்வளவே. அவரும் பொய் கேட்கவில்லை, நாங்களும் பொய் சொல்லவில்லை.

பத்து நாளில் முகாமையாளர் கோவையைப் புரட்டினார். முதலாளி வீட்டு மின்கட்டணச் சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அழகான பச்சை அடையாளம். தாளின் அடியில் ஒருத்தியின் முதலெழுத்துகள் மட்டும் இருந்தன. எழுத்து வடிவானது என்பதால் நாங்கள்தான் அவளை எழுதச் சொன்னோம். எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கேட்டார்கள். சீனியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கிழமையே அவள் யாழ்தேவியில் ஊர் திரும்பினாள்.

ஏன் நாங்கள் கேட்கவில்லை? இங்கே ‘விளங்கியதா?’ என்றால் எழுந்து நின்று ‘ஓம் ரீச்சர்’ என்று சொல்லப் பழகியவர்கள். இரண்டாம் தரம் கேட்பவள் வகுப்பைக் குழப்புகிறாள் என்று பெயர். (முன்வரிசையில் இருக்கும் எங்கள் ஆசிரியைகள் மன்னிக்க வேண்டும்.)

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதிய தொழிலாளர்கள் கூட்டமாக வந்தபோது, அவர்களைப் பழக்கும் மேற்பார்வையாளர்களுக்கே முதலில் 10 மணித்தியாலப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மின்வயரில் போடும் ஒரு முடிச்சு வரும். எப்படிப் போடுவது என்று முதலில் வாயால் மட்டும் சொல்வார்கள், ஒருவருக்கும் வராது. பிறகு செய்து மட்டும் காட்டுவார்கள்; அப்போதும் வராது. படிபடியாகக் காட்டி, காரணமும் சொல்லி, பழகுபவர் தன் வாயால் விளக்கியபடி தானே போட்டுக் காட்டிய பிறகுதான் முடிச்சு விழும். இதைக் கேள்விப்பட்ட நாளில் எங்கள் சீனியர் மீதிருந்த கோபம் பாதி போய்விட்டது. அவருக்கு யார் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள்?

மீதிக் கோபம் போனது எங்கள் பிழையால். எங்களில் ஒருத்தி (யாரென்று சொல்லப்போவதில்லை) அலுவலகத் தலைவியாக இருந்தபோது, வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை பயிற்சிக்கு வந்தாள். வேலை அவசரத்தில் வங்கிக் கூற்றைக் கையில் கொடுத்து, “கணக்கிணக்கக் கூற்றைச் செய்யுங்கோ தங்கச்சி” என்று சொன்னதோடு சரி. இரண்டு நாள் அவள் அசையவில்லை. காசேட்டில் வரவுப் பக்கம் உள்ள வைப்பு, வங்கிக் கூற்றில் செலவுப் பக்கம் நிற்கும். வங்கி தன் பக்கமிருந்து எழுதுகிறது. அந்தப் பிள்ளை வங்கியே பிழைவிட்டிருக்கிறது என்று நினைத்து, அதைச் சொல்லப் பயந்து இருந்திருக்கிறாள். இடையில் இரண்டு தரம் “விளங்குதா?” என்று கேட்டோம். இரண்டு தரமும் “ஓம் மிஸ்.”

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம். “இனி என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கோ பார்ப்பம்” என்று கேட்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் பயிலுநர்களை எடுக்கும் சகோதரிகளே, பிள்ளை வருமுன் அவளைப் பழக்கப்போகிறவரோடு அரை மணித்தியாலம் இருங்கள். முதற்கிழமை வேலையை அவரையே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த உரையை எழுதி, ஊர் திரும்பிய எங்கள் சிநேகிதிக்கு வாசித்துக் காட்டினோம். பின்னர் தகப்பனின் கடைக் கணக்கை முப்பது வருடம் ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்தவள் அவள். கேட்டுவிட்டு, “சீனியர் நிலத்தைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேரும் எங்கே பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே” என்றாள்.

நாங்களும் நிலத்தைத்தான் பார்த்தோம்.