அபராதம் பிடித்த வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது

சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி பிடிக்கும் அபராதம், பாஸ்புக்கில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் வந்து விழும் கணக்கில் அந்த ஒரு வரி ஒரு வாரத்து அரிசியைக் கொண்டுபோய்விடும்.

பிடிக்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. அந்த அதிகாரத்துக்கு வரம்பும் உண்டு. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றறிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. இருப்பு குறைந்ததும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் இவற்றில் ஏதாவது ஒன்றின் வழியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போட்டு ஈடுகட்ட ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறையின் அளவைப் பொறுத்தே இருக்க வேண்டும்: ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் தொள்ளாயிரம் இருந்தால், குறைவது நூறுதான்; காலியான கணக்குக்குப் போடும் அபராதத்தை அதற்குப் போடக் கூடாது. அபராதம் பிடித்ததால் மட்டுமே ஒரு கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. கூலி வந்ததும் பழைய மைனஸுக்கென்று அதை எடுத்துக்கொள்வது எத்தனை பெரிய அநியாயம்!

கேட்பது கிளையில் தொடங்குகிறது. வாய்மொழியாகக் கேட்டால் தடயம் இருக்காது. பிடித்த தேதி, தொகை, முன்னறிவிப்பு வந்ததா இல்லையா என்பதை எழுதி, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வதே முறை. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகார் தள்ளுபடியாகும். நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடக்கும் விவகாரத்தையும் ஓம்பட்ஸ்மன் எடுக்க மாட்டார். ஆகவே, எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கும் கட்டணம் இல்லை. தானே நின்று வாதாடலாம். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். அதனால் வழக்கு எதற்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கட்டணம் அதிகம் என்பது மட்டுமே குறையென்றால் வழக்கு நிற்பது கடினம். கட்டண விகிதம் வங்கி நிர்வாகம் முடிவு செய்வது. எழுதிவைத்த விதியை வங்கி மீறியிருந்து, கையில் காகிதமும் இருந்தால் வழக்குக்கு வலு உண்டு. அபராதத்தால் செக் திரும்பியது, மாதத் தவணை தவறியது என்று அடுத்தடுத்து இழப்பு நேர்ந்திருந்தால் வழக்குப் போடத் தயங்கவே கூடாது. வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டுகள்.

இந்த உரிமைகளெல்லாம் எழுதத் தெரிந்தவருக்கே எளிதில் கைகூடுகின்றன. ஆகவே இந்த அவைக்கு வந்திருப்போர் ஒவ்வொருவரும், எழுதப் படிக்கத் தெரியாத அண்டைவீட்டார் ஒருவரின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து, கிளை மேலாளருக்கான அந்த முதல் கடிதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.